குரூப்பில் ஓட்டெடுத்து விடையை முடிவு செய்யாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் போனை அவர்களிடமும் கொடுங்கள். இல்லாதவர்களும் படிக்கலாம். உங்கள் கல்லீரல், சிறுநீரகம் பற்றியும் இதில் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. வகுப்பு மட்டும் நிற்கவில்லை. என் கடைசித் தம்பி மகள் நீட் தேர்வை இரண்டாவது தடவை எழுதப் படிக்கிறாள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நர்சிங் இரண்டாம் வருடம். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், டெட் தேர்வுக்குத் தயாராகிறான். மூன்று பேருக்கும் நான் பாடம் நடத்துவதில்லை. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நடத்துகிற படிப்பு எனக்குக் கிடையாது. அவர்கள் என்னிடம் வருவது பஞ்சாயத்துக்கு. "டீச்சர், கைடில ஒரு விடை போட்டிருக்கு, கோச்சிங் பேப்பர்ல வேற விடை இருக்கு, யூடியூப்ல ஒருத்தர் ரெண்டுமே தப்புங்கறார். எது சரி?"

என்னிடம் வருவதற்கு முன்னால் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருப்பார்கள். அங்கே ஓட்டெடுப்பு நடந்திருக்கும். பதினான்கு பேர் 'பி' என்பார்கள், ஒன்பது பேர் 'சி' என்பார்கள். பதினான்கு பெரியது, ஆகவே 'பி'. பஞ்சாயத்துத் தலைவரை அப்படித் தேர்ந்தெடுக்கலாம். கணையம் எங்கே இருக்கிறது என்பதை அப்படி முடிவு செய்ய முடியாது. பதினான்கு பேரும் ஒரே கைடைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது ஒரு ஓட்டுத்தான், பதினான்கு இல்லை.

கணக்கில் சந்தேகம் வந்தால் பிள்ளைகள் போட்டுப் பார்க்கிறார்கள். உயிரியல் என்றால் மட்டும் மனப்பாடப் பாடம், யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும் என்று நம் பக்கத்தில் ஒரு எண்ணம் ஊறிப்போய்க் கிடக்கிறது. அதை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. உயிரியலையும் போட்டுப் பார்க்கலாம். விடையில் சண்டை வருகிற இடத்தில் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

சின்ன உதாரணம். 'பித்தநீரைச் சுரக்கும் உறுப்பு எது?' ஒரு வினா வங்கியில் விடை 'பித்தப்பை' என்று அச்சாகியிருந்தது. டெட் எழுதுகிறவன் கொண்டுவந்தான். பேரிலேயே பித்தம் இருக்கிறது, அதனால் குரூப்பில் அதற்குத்தான் ஓட்டு. நான் புத்தகத்தை எடுக்கவில்லை. "எங்க மதினிக்குக் கல் அடைச்சுப் பித்தப்பையையே எடுத்துப் பன்னிரண்டு வருசம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ரெண்டு கரண்டி கறிக்குழம்பு கூட வாங்கிச் சாப்பிட்டாங்க. பித்தநீர் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். பையன் யோசித்துவிட்டுச் சிரித்தான். (மதினி இதைப் படித்தால் மன்னிக்கவும்.) சுரப்பது கல்லீரல். பித்தப்பை சேர்த்து வைத்துச் செறிவாக்கி, தேவைப்படும்போது குடலுக்கு அனுப்பும். அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியைக் காட்டினேன். இனி நூறு பேர் வேறு சொன்னாலும் அவன் மாறமாட்டான்.

இந்தச் செரிமானப் பாடத்தை என்சிஇஆர்டியின் பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நீட் பாடத்திட்டத்திலும் இப்போது இல்லை. டாக்டர் படிப்புக்குப் போகிற பிள்ளை சோறு எப்படிச் செரிக்கிறது என்று படிக்கவேண்டாமாம். அதைப் பேச ஆரம்பித்தால் தனிப் பதிவு ஆகிவிடும். ஆனால் ஒரு கேள்விக்காக நாள் முழுக்க மல்லுக்கட்டுவதற்கு முன்னால், அந்தப் பாடம் உங்கள் தேர்வில் இப்போது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டைகளில் பாதி விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 'உடலின் மிகப்பெரிய சுரப்பி எது?' ஒருத்தி கல்லீரல் என்கிறாள், இன்னொருத்தி தைராய்டு என்கிறாள். இரண்டு பேரும் எங்கோ படித்துத்தான் சொல்கிறார்கள். கல்லீரல் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும். தைராய்டு சில பத்துக் கிராம். எடையைப் பார்த்தால் போட்டியே கிடையாது. பிறகு தைராய்டு எங்கிருந்து வந்தது? 'மிகப்பெரிய நாளமில்லாச் சுரப்பி எது?' என்பது வேறொரு கேள்வி. கைடு அச்சடித்தவர் அந்த 'நாளமில்லா'வை விழுங்கிவிட்டார். அத்தோடும் விடாமல் என் மருமகள் கேட்டாள்: "அத்தை, கணையம் தைராய்டை விடப் பெருசுதானே? அதுவும் இன்சுலின் சுரக்குதே?" நல்ல கேள்வி. கணையத்தில் ஹார்மோன் சுரக்கிற லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மீதி முழுவதும் செரிமான நீர் சுரந்து நாளம் வழியாகக் குடலுக்கு அனுப்புகிற பகுதி. அதனால் அதை இரட்டைச் சுரப்பி என்று தனியே வைத்தார்கள். இந்த ஒரு சண்டையைத் தீர்த்ததில் கல்லீரல், தைராய்டு, கணையம் மூன்றும் அவளுக்கு மனதில் நின்றுவிட்டன. ஒரு மணி நேரம் உருப்போட்டிருந்தாலும் அப்படி நிற்காது.

தமனி, சிரைச் சண்டையும் இதே ரகம். 'தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம்' என்று படித்தவர்கள் நுரையீரல் தமனியிடம் வந்து முட்டிக்கொள்கிறார்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. இலக்கணம் திசையில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. அந்தச் 'சுத்த, அசுத்த' வார்த்தைகளையே எனக்குப் பிடிக்காது. ஆக்சிஜன் மிகுந்தது, குறைந்தது என்று சொல்லிப் பழகுங்கள்.

எண்கள் வருகிற இடத்தில் பென்சிலை எடுங்கள். சிறுநீரகம் பற்றி ஒரு கேள்விக்கு நர்சிங் பெண்ணின் தோழிகள் நான்கு விடை சொன்னார்கள்: 125 மில்லி, 180 லிட்டர், ஒன்றரை லிட்டர், 1,200 மில்லி. நான்கும் சிறுநீரகப் பாடத்தில் உள்ள எண்கள்தான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லி ரத்தம் சிறுநீரகங்களுக்குள் போகிறது. அதிலிருந்து வடிவது நிமிடத்துக்கு 125 மில்லி. அந்த 125-ஐ 60-ஆல் பெருக்கி 24-ஆல் பெருக்குங்கள், 1,80,000 மில்லி வரும். அதாவது ஒரு நாளைக்கு 180 லிட்டர். ஆனால் நாம் நாளைக்குச் சிறுநீராக வெளியேற்றுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போச்சு? திரும்ப உடம்புக்குள் உறிஞ்சப்பட்டுவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு. பெருக்கல் தெரிந்தால் நான்கு எண்களும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து அந்த எண்ணை எடுக்கவேண்டியதுதான்.

இன்னும் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது. நீட் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜனோடு முழுதாகச் சிதைந்தால் எத்தனை ஏடிபி கிடைக்கும்? ஒரு புத்தகம் 38. ஒன்று 36. புதிதாக வந்தவை 32 என்கின்றன, 30 என்கின்றன. குரூப்பில் அடிதடி. என் மருமகள் ஒரு ராத்திரி இதற்காக அழுதாள். "ஏட்டி, அழாத, துட்டுக் கணக்கு மாதிரி போட்டுப் பார்ப்போம்" என்று உட்கார்ந்தோம்.

ஏடிபியைக் கையிலுள்ள ரொக்கம் என்று வையுங்கள். குளுக்கோஸ் சிதையும்போது நேரடி ரொக்கமாகக் கிடைப்பது 4. அதோடு 10 பெரிய டோக்கன், 2 சின்ன டோக்கன் கிடைக்கின்றன. பெரியதன் பெயர் என்ஏடிஎச், சின்னதன் பெயர் எஃப்ஏடிஎச்2. இந்த டோக்கன்களை மைட்டோகாண்ட்ரியாவில் கொடுத்தால் ரொக்கமாக மாற்றித்தரும். முன்பு கணக்கிட்ட விலை, பெரியதுக்கு 3, சின்னதுக்கு 2. ஆக 4-ம் 30-ம் 4-ம் சேர்ந்து 38. பிறகு நுணுக்கமாக அளந்து பார்த்ததில் பெரியதுக்கு 2.5, சின்னதுக்கு 1.5 தான் கிடைக்கிறது என்றார்கள். ஆக 4-ம் 25-ம் 3-ம் சேர்ந்து 32. அப்படியானால் 36-ம் 30-ம்? பெரிய டோக்கன் பத்தில் இரண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உண்டாகின்றன. அவற்றை உள்ளே கொண்டுசேர்க்க இரண்டு வழி உண்டு. ஒரு வழியில் போனால் பெரிய டோக்கன் பெரிய டோக்கனாகவே போய்ச்சேரும். இன்னொரு வழியில் போனால் சின்ன டோக்கனாகிவிடும். இரண்டு டோக்கனுக்கு ஒவ்வொன்றாக நஷ்டம், ஆகப் பழைய விலையில் 36, புது விலையில் 30. கல்லீரலிலும் இதயத்திலும் முதல் வழி. மூளையிலும் எலும்புத் தசையிலும் இரண்டாவது வழி முக்கியமானது.

நான்கு விடையும் ஒரே கணக்கிலிருந்து வருகிறது. எந்த விலை, எந்த வழி என்பதுதான் வித்தியாசம். மூன்றாவது தடவை அவளே நோட்டில் போட்டுக் காட்டினாள். பரீட்சையில் எதைக் குறிப்பது? அந்தத் தேர்வுக்கு வைத்திருக்கிற புத்தகம், நடப்புப் பதிப்பில், எந்தக் கணக்கைப் போடுகிறதோ அதை.

இந்த இடத்தில் அவள் என்னோடு வாதாடினாள். அவள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "அத்தை, நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. எனக்கு நேரம் எங்க இருக்கு? விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிர்றேன்." பாவம், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் 90 கேள்வி, 360 மதிப்பெண் உயிரியல். சரியானால் 4, தப்பானால் 1 கழியும். ஒரு கேள்வி இந்தப் பக்கம் விழுவதற்கும் அந்தப் பக்கம் விழுவதற்கும் 5 மதிப்பெண் வித்தியாசம். போன வருடம் அவளுக்கு இடம் கைநழுவியது ஆறு மதிப்பெண்ணில். தம்பி கடன் வாங்கித்தான் மறுபடி படிக்க வைக்கிறான். அவள் அவசரப்படாமல் யார் அவசரப்படுவார்கள்?

ஆனால் விடைக்குறிப்பே சண்டையில் இருந்தால்? 2024 நீட் தேர்வில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அது அணு பற்றிய இயற்பியல் கேள்வி, ஆனால் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். பழைய என்சிஇஆர்டி பதிப்பைப் படித்தவர்களுக்கு ஒரு விடை, புதிய பதிப்பைப் படித்தவர்களுக்கு வேறு விடை. தேர்வு நடத்தியவர்கள் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி ஐஐடியில் மூன்று நிபுணர்களை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு விடைதான் சரி என்று அவர்கள் சொன்னார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் 5 மதிப்பெண் போனது. முழு மதிப்பெண் வாங்கி முதலிடத்தில் இருந்த 61 பேரில் 44 பேர் அந்த ஒரு கேள்வியால் இறங்கினார்கள். ஆகவே அண்ணன் படித்த புத்தகம், அக்கா படித்த புத்தகம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். புத்தகத்தின் முதல் பக்கங்களில் பதிப்பு வருடம் இருக்கும், அதைப் பாருங்கள். நம் மாநிலப் பாடநூல்களும் என்சிஇஆர்டி நூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைடுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடியுங்கள்.

தமிழில் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. தைராய்டு என்றாலும் கேடயச் சுரப்பி என்றாலும் ஒன்று. அட்ரீனலும் அண்ணீரகச் சுரப்பியும் ஒன்று. பிட்யூட்டரியும் கபச் சுரப்பியும் ஒன்று. இது தெரியாமல் இரண்டு பேர் அரை மணி நேரம் என் திண்ணையில் சண்டை போட்டார்கள், இருவரும் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டு! சிரிப்பாக இருந்தாலும் தேர்வு அறையில் இது சிரிப்பில்லை. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. மொழிபெயர்ப்பில் குழப்பம் என்றால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது அவர்கள் விதி. எனக்கு அந்த விதி நியாயமாகப் படவில்லை. தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிட்டு, தமிழ் தப்பானால் பொறுப்பு பிள்ளைமேல் என்றால் என்ன அர்த்தம்? ஆனாலும் விதி மாறும்வரை நம் பிள்ளைகள் தற்காத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கலைச்சொல்லைத் தமிழில் ஒரு பக்கம், ஆங்கில ஒலியில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கேள்வித்தாளில் தமிழ் வாக்கியம் இடறினால் பக்கத்திலேயே இருக்கிற ஆங்கில வாக்கியத்தையும் ஒரு கண் பாருங்கள்.

புத்தகமே தப்பாக இருக்குமா என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறது. மனித செல்லில் எத்தனை குரோமோசோம் என்றால் இன்று ஏழாவது படிக்கிறவன் கூட 46 என்பான். 1923-இல் பெயின்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 48 என்று எண்ணிச் சொன்னார். பெரிய மனிதர் சொல்லிவிட்டார், முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கப் புத்தகங்களில் 48 என்றே இருந்தது. அவருக்குப் பிறகு எண்ணிய பலரும் 48 வருகிற மாதிரியே எண்ணினார்கள். அந்தக் காலத்தில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், நூல்கண்டு சிக்கின மாதிரி. பிறகு செல்களை நீர்த்த கரைசலில் போட்டு உப்பவைத்தால் அவை விலகிக் கிடக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1955 டிசம்பரில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர் அப்படித் தயாரித்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார். 46. திரும்ப எண்ணினார். 46 தான். அடுத்த வருடம் லெவான் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து வெளியிட்டார். முப்பது வருடப் பெரும்பான்மை ஓட்டு ஒரு மனுசன் ஒழுங்காக எண்ணியதில் கவிழ்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, வருடா வருடம் வகுப்பில் சொல்வேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

நாக்கு வரைபடமும் அப்படித்தான். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று பாகம் பிரித்துப் போட்ட படம் எத்தனையோ புத்தகங்களில் வந்தது. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். நம்பாவிட்டால் நாக்கின் ஓரத்தில் துளி சர்க்கரை வைத்துப் பாருங்கள், ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். மூளையில் நியூரான்கள் 10,000 கோடி என்று பல புத்தகங்களில் இருக்கும். பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா எர்குலானோ ஊசெல் குழுவினர் 2009-இல் எண்ணிச் சொன்னது ஏறக்குறைய 8,600 கோடி.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. சண்டைக்கு ஒரு தனி நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு. இடது பக்கம் 'பரீட்சைக்கு', வலது பக்கம் 'உண்மைக்கு'. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே விடைதான் இருக்கும். வேறுபடுகிற இடத்தில் இடது பக்கம் புத்தகத்தின் பெயர், பதிப்பு, பக்க எண் எழுதவேண்டும். வலது பக்கம் காரணம் ஒரு வரி. ஒரு கேள்விக்கு இருபது நிமிடம்தான். அதற்குள் தீராவிட்டால் மூடிவைத்துவிட்டு அடுத்த பாடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி எடுக்கலாம். நேரமில்லை என்று அவள் சொன்னதற்கு நான் கொடுத்த சலுகை இது. முதல் மாதம் நோட்டில் முப்பத்தெட்டு சண்டை. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்றுதான் சேருகிறது. விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன்னாலேயே "இந்தக் கேள்வியில ஒரு வார்த்தை குறையுது அத்தை" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பக்க எண் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பு வரும். தப்பு என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நீட்டில் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டவேண்டும், திரும்ப வராது. ஆசிரியர் தேர்வு வாரியம் ஆட்சேபத்தோடு பாடநூல் ஆதாரம் கேட்கும். கைடு, கோச்சிங் நோட்ஸ் செல்லாது. குரூப்பில் பதினான்கு பேர் சொன்னார்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா? அந்தச் சில நாட்களுக்குள் புத்தகத்தைத் தேடி ஓடாமல், நோட்டைத் திறந்தால் பக்கம் கையில் இருக்கும்.

போனில் இருக்கிற செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். கேளுங்கள், விளக்கம் நன்றாகவே சொல்கிறது. ஆனால் நீங்கள் கொஞ்சம் அழுத்தி "இல்லை, அது தப்பு" என்றால் பல நேரம் உங்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி ஒரு பணிவு. அது சொன்ன விளக்கத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்துக்குப் போங்கள், தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள்.

பரீட்சைக்கு மட்டும்தானே, பாஸானால் போதாதா என்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். என் பழைய மாணவி ஒருத்தி ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள். 'எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய ரத்தம் எது?' என்ற கேள்விக்கு நர்சிங் பெண்ணின் கைடில் 'ஓ' என்று இருந்தது, இன்னொன்றில் 'ஓ நெகட்டிவ்', ஒரு பழைய வினாத்தாளில் 'ஏபி'. அவளையே போனில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் சொன்னது: "குரூப் மட்டும் கேட்டா ஓ. ஆர்எச்-ம் சேர்த்துக் கேட்டா ஓ நெகட்டிவ். எமர்ஜென்சில குரூப் பாக்க நேரமில்லாம சிவப்பணு ஏத்தணும்னா நாங்க எடுக்கிறதும் அதுதான். பிளாஸ்மான்னு கேட்டா அப்படியே தலைகீழ், ஏபி. ஓ குரூப்காரங்க பிளாஸ்மால ஏ, பி ரெண்டுக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். எதைக் கேக்குறாங்கன்னு பாத்து எழுதும்மா. இங்க வந்ததுக்கு அப்புறம் குரூப்ல கேக்க முடியாது." அந்தப் பெண் இன்னும் இரண்டு வருடத்தில் ஏதோ ஒரு வார்டில் நிற்பாள். நம்மில் யாராவது ஒருவர் அங்கே படுத்திருப்போம்.

சரி, வீட்டுப்பாடம் இல்லாமல் உங்களை விட்டால் நான் டீச்சரே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, முடிந்தமட்டும் முழுவதையும் வெளியே ஊதிவிடுங்கள். இப்போது நுரையீரலில் காற்று இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எவ்வளவு, அது ஏன் வெளியே வரவில்லை? கமெண்டில் எழுதுங்கள். இருக்கிறது, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. காரணமும், எந்த வகுப்புப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருத்துகிறேன்.